எதெலாக வந்த விவியன் வான்ஸ்: குண்டாகவே இருக்கச் சொல்லி ஒப்பந்தமா?

பிப்ரவரி 4, ஒரு வாசகரின் கேள்வி

ஐ லவ் லூசி என்கிற பழைய அமெரிக்க நகைச்சுவைத் தொடரில் லூசியின் தோழியும் வீட்டுக்காரம்மாவுமான எதெலாக நடித்த விவியன் வான்ஸ், லூசியாக வந்த லூசில் பாலைவிட இருபது பவுண்டு கூடுதல் எடையோடுதான் இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்களாம். வயதான, குண்டான ஒருத்தி பக்கத்தில் நின்றால்தான் தான் அழகாகத் தெரிவோம் என்பது லூசி போட்ட கணக்காம். இது உண்மையா? உண்மையென்றால் அந்த அம்மாள் ஒன்பது வருஷம் எப்படிப் பொறுத்துக்கொண்டார்? இரண்டாம் இடத்து நடிகைக்கு வேறு வழியே இல்லையா?


பிப்ரவரி 4, இரவு 11.10

உண்மை இல்லை. அப்படி ஒரு காகிதம் இருந்தது, ஆனால் அது விளையாட்டுக்கு எழுதிய பொய் ஒப்பந்தம். எடையை ஏற்றிக்கொண்டே போகவேண்டும் என்கிற மாதிரி ஷரத்துகளைப் போட்டு லூசில் பால் தோழிக்குக் கொடுத்த கேலிப் பத்திரம். 1970களில் டிவி உரையாடல் நிகழ்ச்சி ஒன்றில் அதை எடுத்துப் பேசிச் சிரித்தார்கள். அங்கிருந்து வாய்க்கு வாய் மாறி நிஜமாகிவிட்டது.

வயதுக் கணக்கும் தப்பு. விவியன் பிறந்தது 1909 ஜூலை 26. லூசில் 1911 ஆகஸ்ட் 6. இரண்டே வருஷம். தொடர் 1951 அக்டோபர் 15 அன்று சிபிஎஸ் சேனலில் தொடங்கியபோது ஒருவருக்கு 42, இன்னொருவருக்கு 40. எதெலை எல்லோரும் கிழவியாக நினைப்பதற்குக் காரணம் அவருக்குக் கொடுத்த உடையும், கொடுத்த புருஷனும்தான். எதெலின் கணவர் ஃப்ரெட்டாக வந்த வில்லியம் ஃப்ராலி 1887ல் பிறந்தவர். பெண்டாட்டியைவிட 22 வயது மூத்தவர்.

"இரண்டாம் இடத்து நடிகை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு நாளைக்கு வருகிறேன். எனக்கு அதில் சொல்ல நிறைய இருக்கிறது.


பிப்ரவரி 5, மாலை

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் போகமுடியும்.

1996ல் கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்தேன். வேலை செய்ய அனுமதி இல்லாத விசா. அவர் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவுதான் வருவார். வெளியே பனி. கார் ஓட்டத் தெரியாது. பகலெல்லாம் டிவிதான் துணை. பழைய தொடர்களின் மறு ஒளிபரப்பில்தான் இந்த நாலு பேரும் எனக்கு அறிமுகமானார்கள். லூசி, ரிக்கி, எதெல், ஃப்ரெட். அமெரிக்கர்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள், எங்கே வார்த்தையை விழுங்குகிறார்கள் என்பதையெல்லாம் எதெலிடம்தான் கற்றேன். லூசி வேகம், காது பிடிக்காது. ரிக்கி கியூபாக்காரர், கோபம் வந்தால் ஸ்பானிஷுக்குத் தாவிவிடுவார். எதெல் மட்டும் ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துக் கொடுப்பது போலப் பேசுவார்.

அடுத்த வருஷம் அம்மா வந்து ஆறு மாசம் இருந்தாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. என்னோடு உட்கார்ந்து பார்ப்பாள், விழுந்து விழுந்து சிரிப்பாள். என்ன புரிகிறது என்று ஒருநாள் கேட்டேன். "அந்த முட்டைக்கண்ணுக்காரி விழறா, பெரளறா, கூத்தடிக்கறா, சரி. ஆனா எனக்குச் சிரிப்பு வர்றது பக்கத்துல நிக்கறவ மூஞ்சியப் பாத்துத்தான். அவ பதறினாத்தான் ஏதோ ஆகப்போறதுன்னு நமக்கே தெரியறது" என்றாள்.

எனக்கு மின்னல் வெட்டியது போல இருந்தது. ஏனென்றால் அதற்கு முன் சென்னையில் ஆறு வருஷம் ஆபீஸ் நாடகக் குழுவில் நடித்தவள் நான். ஒவ்வொரு நாடகத்திலும் கதாநாயகியின் தோழி. "அப்படியா! அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கிற வேடம். இயக்குநர் என்னிடம் ஒரே ஒரு குறிப்புதான் தருவார்: "நீ சும்மா நின்னா போதும்மா." நானும் சும்மாவே நின்றேன். நிற்பது ஒரு வேலை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொன்னது எதெல்.


பிப்ரவரி 5, இரவு

விவியனின் ஆரம்பம், சுருக்கமாக. கான்சாஸில் செரிவேல் என்கிற சிற்றூர். இயற்பெயர் விவியன் ராபர்ட்டா ஜோன்ஸ். ஆறு பிள்ளைகளில் இரண்டாமவர். அம்மாவுக்கு மதப்பற்று அதிகம், நடிப்பு என்றாலே பாவம். பெண் ஜன்னல் வழியாக இறங்கிப் போய் நடித்துவிட்டு வருமாம். பிறகு குடும்பம் நியூ மெக்சிகோவில் ஆல்புகர்க்கிக்குப் போகிறது. அங்கே 1930ல் தொடங்கிய லிட்டில் தியேட்டரின் முதல் நாடகத்திலேயே விவியன் உண்டு. 1932ல் அந்த ஊர்க்காரர்கள் இவருக்காக ஒரு நிதி நாடகம் போட்டு, வசூலைக் கையில் கொடுத்து நியூயார்க் அனுப்பிவைத்தார்கள். ஊரே சேர்ந்து அனுப்பியது! போன இடத்தில் நினைத்தபடி நாடகப் படிப்பு அமையவில்லை. கூட்டமாக ஆடிப் பாடும் கோரஸில் சேர்ந்தார்.

அப்புறம் பத்து வருஷம் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வே. 1934ல் எதெல் மெர்மன் என்கிற பிரபல பாடகி நடிகைக்கு மாற்று நடிகை. அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் இவர் மேடையேற வேண்டும். மெர்மனுக்கு உடம்பு சரியில்லாமல் போவது அபூர்வம். 1937ல் ஓர் இசை நாடகத்தில் முக்கிய நடிகையை ஒத்திகைக் கட்டத்தில் நீக்க, அந்த இடம் இவருக்கு வந்தது. 1941ல் நகைச்சுவை நடிகர் டேனி கேயோடு நடித்த நாடகம் 547 காட்சிகள் ஓடியது. அதாவது 'எதெல்' ஆவதற்கு முன்பே பாட, ஆட, மேடையில் ஆயிரம் பேரைக் கட்டிவைக்கத் தெரிந்தவர். தொடரில் அவர் சுருதி பிசகிப் பாடும் காட்சிகளைப் பார்த்து இவருக்குப் பாட வராது என்று நினைத்துவிடாதீர்கள்.

கான்சாஸ் பெண் என்பதால்தான் எதெலுக்கும் தொடரில் அதே சொந்த ஊரை வைத்தார்கள்.


பிப்ரவரி 6, காலை

திருத்தம். ஒரு வாசகர் சுட்டிக்காட்டியது சரி. தொடரில் எதெலின் சொந்த ஊர் ஆல்புகர்க்கி, கான்சாஸ் இல்லை. 1955 ஜனவரி 31 எபிசோடில் நாலு பேரும் ஹாலிவுட் போகும் வழியில் அந்த ஊருக்கே போகிறார்கள். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. மேலே எழுதிய கடைசி வரியை அழிக்காமல் விடுகிறேன், இந்தக் குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள்.


பிப்ரவரி 8, இரவு

இனி, இந்த அம்மாளின் வாழ்க்கையில் நான் எத்தனை தடவை நினைத்தாலும் கலங்கிப்போகிற இடம்.

1945. 'தி வாய்ஸ் ஆஃப் தி டர்ட்டில்' என்கிற நாடகம் அப்போது பிராட்வேயில் பெரிய வெற்றி. அதன் சுற்றுப்பயணக் குழுவில் விவியன் இருக்கிறார். மூன்றே பாத்திரங்கள் உள்ள நாடகம், ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒருநாள் ஹோட்டல் அறையில் எழுந்திருக்க முடியவில்லை. கை நடுங்குகிறது. அழுகை, எதற்கென்று தெரியாத அழுகை. மேடையில் சாதாரணமாக ஒரு பொருளை எடுக்கப் போன கை சொன்னபடி கேட்கவில்லை. நாடகத்தை விட்டு விலகினார். மூன்றாவது கணவர் நடிகர் பிலிப் ஓபரோடு நியூ மெக்சிகோவில் குபேரோ என்கிற இடத்துப் பண்ணையில் போய் இருந்தார். திரும்ப மேடை ஏறவே முடியாது என்கிற பயம் வருஷக்கணக்கில் இருந்தது.

1951 கோடை. கலிபோர்னியாவில் லா ஹோயா அரங்கில் நடிக்கக் கூப்பிடுகிறார்கள். எந்த நாடகம்? அதே நாடகம். அதே வேடம்.

யோசித்துப் பாருங்கள். கை நடுங்கிய அதே வசனங்கள். நானாக இருந்தால் போயிருக்கமாட்டேன். அவரும் முதலில் தயங்கித்தான் இருக்கிறார். போனார்.

ஜூலை 28 அன்று பார்வையாளர்களில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்: லூசிலின் கணவரும் தொடரில் ரிக்கியாக நடித்தவருமான டெசி அர்னாஸ், எழுத்தாளரும் தயாரிப்பாளருமான ஜெஸ் ஓப்பன்ஹைமர், இயக்குநர் மார்க் டேனியல்ஸ். விவியனோடு முன்பே வேலை செய்த டேனியல்ஸ்தான் அவர்களை அழைத்துவந்தவர். லூசில் வரவில்லை. மகள் பிறந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. எதெல் வேடத்துக்கு லூசில் முதலில் நினைத்திருந்தது வானொலியில் தன்னோடு நடித்த பீ பெனடெரெட்டை. அவரோ வேறொரு தொடரில் ஒப்பந்தமாகிவிட்டார். படப்பிடிப்புக்குச் சுமார் ஆறு வாரம்தான் இருந்தது. நாடகம் முடிவதற்குள் டெசி முடிவு செய்துவிட்டார்.

ஒருத்தியை முறித்த அதே நாடகம்தான் அவளை எதெலிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. இதற்கு நான் என்ன சொல்வது.


பிப்ரவரி 9, மதியம்

விட்டுப்போனது ஒன்று. லூசிலுக்கு முதலில் இவரைப் பிடிக்கவில்லை. அவர் மனதில் இருந்த எதெல், தலை கலைந்த, வயதான வீட்டுக்காரம்மா. எதிரே வந்து நின்றதோ கிட்டத்தட்ட தன் வயதில், லட்சணமான ஒரு பெண். கேள்வி கேட்டவர் சொல்கிற போட்டிக் கணக்கு ஏதாவது இருந்திருந்தால் அந்த முதல் சில வாரங்களில்தான் இருந்திருக்கும். விவியன் அதை ஒரே வழியில்தான் கடந்தார்: கூந்தலையும் உடையையும் விட்டுக்கொடுத்தார், வேலையில் விட்டுக்கொடுக்கவில்லை. கொஞ்ச நாளில் ஒத்திகையில் எதைச் சரிசெய்யலாம் என்று லூசில் இவர் முகத்தைத்தான் பார்க்க ஆரம்பித்தார்.


பிப்ரவரி 11

ஃப்ராலி பற்றிக் கேட்கிறீர்கள். ஆமாம், அவருக்கும் விவியனுக்கும் ஆகாது. திரையில் நாற்பது வருஷத் தம்பதி போல முணுமுணுத்துக்கொண்டவர்கள் கேமரா நின்றால் பேசிக்கொள்ள மாட்டார்கள். ஃப்ராலி பழைய வாடவில் ஆள், அதாவது பாட்டும் கூத்தும் கலந்த மேடைக் கேளிக்கையில் வளர்ந்தவர், குடிப்பார், வாய் கெட்டவர், பெண்களை எடுத்தெறிந்து பேசுவார். பேஸ்பால் பைத்தியம் வேறு. நியூயார்க் யாங்கீஸ் இறுதிச் சுற்றுக்குப் போனால் அந்த நாட்களில் படப்பிடிப்புக்கு வரமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியவர். பார்த்தீர்களா, வினோத ஷரத்து நிஜமாகவே ஒன்று இருந்தது, ஆனால் அது விவியனுடையது இல்லை.

என் பார்வையில் அந்த மனுஷர் ஒரு வில்லன்.


பிப்ரவரி 12

நேற்று எழுதியதை ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஆரம்பத்தில் விவியன் யாரிடமோ "இந்த வயதான மனுஷன் எனக்கு அப்பாவாக நடிக்க வேண்டியவர், புருஷனா?" என்கிற மாதிரிச் சொல்லியிருக்கிறார். அது ஃப்ராலியின் காதில் விழுந்துவிட்டது. 64 வயது. வாய்ப்பே வராமல் இருந்த காலம். குடிக்கிறவர் என்று ஸ்டுடியோக்கள் ஒதுக்கிவைத்திருந்த ஆளை டெசிதான் நம்பி எடுத்தார். குடித்துவிட்டு வராமல் போனால் கதையிலிருந்தே உங்கள் பாத்திரத்தை எடுத்துவிடுவேன் என்று எச்சரித்தார். அந்த மனுஷர் கடைசிவரை வாக்கைக் காப்பாற்றினார். அப்படி ஒருவர் தனக்குக் கிடைத்த கடைசி வாசலில் நிற்கும்போது, பக்கத்து நடிகை வாயிலிருந்து இப்படி ஒரு சொல் காதில் விழுந்தால் ஆறுமா? விவியன் பக்கமும் நியாயம் உண்டு. அவருக்கு 42, நாற்பது வயதுப் பெண்ணை நாடே கிழவியாகப் பார்க்கப்போகிறது என்று தெரிந்த பயம். இரண்டு பயங்கள் மோதிக்கொண்டன. வில்லன் என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

1960ல் தொடர் முடிந்தபோது ஃப்ரெட், எதெல் இருவரை மட்டும் வைத்துத் தனித்தொடர் எடுக்கும் யோசனை வந்தது. ஃப்ராலி தயார். விவியன் முடியாது என்றுவிட்டார். நல்ல பணத்தை வேண்டாமென்று சொன்னார். கேள்வி கேட்டவர் "வேறு வழியே இல்லையா" என்றாரே, வழி இருந்தபோது அவர் எடுத்த முடிவு இது.


பிப்ரவரி 15

நான் இழுத்துக்கொண்டே வந்த விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறேன்: நிற்கிற வேலை.

அந்தக் காலத்தில் பெரும்பாலான தொடர்கள் நியூயார்க்கிலிருந்து நேரலை. மற்ற ஊர்களுக்கு, டிவித் திரையையே படம்பிடித்த மங்கலான பிரதி போகும். லூசிலும் டெசியும் கலிபோர்னியாவை விட்டு வர மறுத்தார்கள். 35 மிமீ ஃபிலிமில் எடுக்கிறோம், கூடுதல் செலவுக்கு எங்கள் சம்பளத்தில் குறைத்துக்கொள்ளுங்கள், ஃபிலிமின் உரிமை எங்களுக்கு என்றார்கள். இன்றைக்கு எதெலின் முகம் இவ்வளவு தெளிவாக நமக்குத் தெரிவது அந்தப் பேரத்தால்தான். சுமார் 300 பேர் அரங்கில் உட்கார்ந்திருக்க, மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும். கேமராவுக்குப் பொறுப்பு ஜெர்மனியிலிருந்து வந்த மேதை கார்ல் ஃப்ராய்ண்ட்.

இதில் நடிகைக்கு என்ன என்கிறீர்களா? ஒரே கேமராவில் எடுத்தால் லூசி விழுவதை முதலில் எடுப்பார்கள். பிறகு எதெலை நிறுத்தி, "அவள் விழுந்துவிட்டாள், இப்போது பதறு" என்று தனியாக எடுப்பார்கள். இங்கே அப்படி இல்லை. லூசி விழுகிற அதே நொடியில் எதெல் பதறவேண்டும், அரங்கம் சிரிக்கும்வரை அந்தப் பதற்றத்தைக் கீழே விடாமல் பிடித்திருக்க வேண்டும், சிரிப்பு அடங்கும் கணத்தில் அடுத்த வசனத்தை எடுக்கவேண்டும். கொஞ்சம் முந்தினால் லூசியின் சிரிப்பு செத்துவிடும். கொஞ்சம் பிந்தினால் காட்சி தொய்ந்துவிடும். பிராட்வேயில் பத்து வருஷம் சும்மா போகவில்லை.

1952 செப்டம்பர் 15ல் வந்த சாக்லேட் தொழிற்சாலை எபிசோடைப் பாருங்கள். பெல்ட்டில் சாக்லேட் வேகமாக வர, இருவரும் காகிதம் சுற்ற முடியாமல் வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணிக்கும் காட்சி. எல்லோரும் லூசியைத்தான் பார்ப்பார்கள். ஒரு தடவை எதெலை மட்டும் பாருங்கள். அவர் நிஜமாகவே சுற்றப் பார்க்கிறார். வேலையைச் சரியாகச் செய்யவேண்டும் என்கிற அக்கறை அவர் கையில் இருக்கிறது. அந்த அக்கறை இருப்பதால்தான் நமக்கு அது இரண்டு பெண்களின் பிழைப்பாகத் தெரிகிறது, அதனால்தான் இவ்வளவு சிரிப்பு. திராட்சைத் தொட்டியில் இருவரும் மிதிக்கும் எபிசோடிலும் இதே கதைதான்.


பிப்ரவரி 15, சற்று கழித்து

திராட்சைத் தொட்டியில் எதெல் கிடையாது. லூசியோடு தொட்டியில் இருப்பது ஓர் இத்தாலியப் பெண். ஞாபகம் எதெலைத் தானாகவே லூசி பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது.


பிப்ரவரி 16

அமெரிக்க டிவி விருதான எம்மி பற்றிக் கேட்டவருக்கு: தொடர்களில் துணை நடிகைக்கான எம்மியை முதன்முதலில் வாங்கியவர் விவியன்தான். 1954 பிப்ரவரியில் நடந்த விழா. அதற்குப் பின்னும் மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டார்.


பிப்ரவரி 20, அதிகாலை

தூக்கம் வரவில்லை. இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன்.

என் அக்காவுக்கு 1989ல் விவியனுக்கு வந்த மாதிரியே வந்தது. டீச்சராக இருந்தாள். ஒருநாள் காலையில் சாக்பீஸைப் பிடிக்க முடியவில்லை என்றாள். அப்புறம் மூன்று மாசம் படுக்கையை விட்டு எழவில்லை, காரணமில்லாமல் அழுதாள். வீட்டில் அக்கம்பக்கத்தாருக்குச் சொன்ன பதில், மலேரியா. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்ன பதில், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் கூட்டிப்போன டாக்டர், "குழந்தை பிறந்தா சரியாப்போயிடும்" என்று அனுப்பிவிட்டார். நான் உட்பட யாரும் அந்த நோயின் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு அப்போது 21 வயது, சொல்லியிருக்கலாம்.

விவியன் சொன்னார். நாடே எதெலைக் கொண்டாடிக்கொண்டிருந்த 1955ல், தனக்கு மனமுறிவு வந்ததையும் மனநல மருத்துவரிடம் தொடர்ந்து போய்க்கொண்டிருப்பதையும் பத்திரிகையில் வெளிப்படையாகப் பேசினார். வேலை போயிருக்கும், பட்டம் கட்டியிருப்பார்கள். மனநல அமைப்புகளோடு சேர்ந்துகொண்டார், மருத்துவமனைகளுக்குப் போய் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசினார். எனக்கு எம்மியைவிட இது பெரிது.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறாள். இதை எழுத அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "அந்த அம்மாவோட படம் ஏதாவது இருந்தா அனுப்பு" என்றாள். சாக்லேட் எபிசோடை அனுப்பியிருக்கிறேன்.


பிப்ரவரி 23

அக்காவுக்காக வந்த விசாரிப்புகளுக்கு நன்றி. தொடர்கிறேன்.

1959ல் ஓபரோடு மணமுறிவு. 1961ல் பதிப்புத் துறையில் இருந்த ஜான் டாட்ஸைக் கல்யாணம் செய்துகொண்டு கனெக்டிகட்டில் ஸ்டாம்ஃபோர்டில் குடியேறினார். நாலாவது கல்யாணம், கடைசிவரை நிலைத்தது. 1962ல் லூசில் புதுத்தொடருக்குக் கூப்பிடுகிறார். டெசியும் லூசிலும் அதற்குள் பிரிந்துவிட்டார்கள். விவியன் வருகிறேன் என்றார், ஆனால் கேட்டுப் பெற்றதைப் பாருங்கள்: நல்ல உடைகள் வேண்டும், பாத்திரத்தின் பெயர் விவியன் என்றிருக்க வேண்டும். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் எதெல், எதெல் என்று கூப்பிட்டுச் சலித்துப்போயிருந்தார்.

அந்தத் தொடரில் லூசி விதவை. லூசியை விவாகரத்தானவளாகக் காட்டினால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்ற பயம். விவாகரத்தான, மகனைத் தனியாக வளர்க்கும் வேடம் விவியனுக்கு வந்தது. அமெரிக்க டிவி தொடரில் நிரந்தரப் பாத்திரமாக வந்த முதல் விவாகரத்தான பெண் என்று அவரைத்தான் சொல்வார்கள். கதாநாயகிமேல் ஏற்றமுடியாத கனத்தைத் தோழிமேல் ஏற்றினார்கள், அவர் சுமந்தார்.

1963ல் ஒரு எபிசோட். இருவரும் குளியலறையில் ஷவர் பொருத்துகிறார்கள், தண்ணீர் நிறைந்துகொண்டே வருகிறது, வெளியே வரமுடியவில்லை. படப்பிடிப்பில் தண்ணீருக்குள் மூழ்கிய லூசிலால் நிஜமாகவே மேலே எழும்ப முடியவில்லை. அரங்கில் யாருக்கும் தெரியாது, எல்லோரும் சிரிக்கிறார்கள். விவியனுக்கு மட்டும் புரிந்தது. தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்து, லூசில் மூச்சு வாங்கும்வரை இடத்துக்கேற்ற வசனத்தைத் தானே சொல்லிச் சமாளித்தார். பின்னாளில் லூசிலே சொன்னது இது. எல்லோரும் பார்க்கிற ஒருத்தியை நிஜமாகவே கவனித்துக்கொண்டிருந்தது பக்கத்தில் நின்றவள்.

மூன்று வருஷம் கனெக்டிகட்டுக்கும் ஹாலிவுட்டுக்கும் பறந்துகொண்டே இருந்தார். 1965ல் போதும் என்று விலகினார். பிறகு விருந்தினராக எப்போதாவது வருவார்.


பிப்ரவரி 24

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். நான் "அது விளையாட்டு" என்று சட்டென்று முடித்துவிட்டேன். விளையாட்டுதான். ஆனால் தொடர் முழுக்க ஃப்ரெட் வாயிலிருந்து எதெலின் உடம்பைப் பற்றி வரும் நக்கல்கள் விளையாட்டு என்றாலும், வாரா வாரம் முந்நூறு பேருக்கு முன்னால் அவற்றை வாங்கிக்கொண்டு நின்றது ஒரு நிஜ உடம்பு. கேள்வி கேட்ட தம்பி, உங்கள் தகவல் தப்பு. உங்கள் மனசு பட்ட வருத்தம் தப்பில்லை. 1962ல் அவர் நல்ல உடை கேட்டதை அந்த நக்கல்களோடு சேர்த்துத்தான் நான் படிக்கிறேன்.


மார்ச் 2

கடைசிக் காலம். 1973ல் மார்பகப் புற்று என்று தெரிந்தது. அடுத்த வருஷம் கணவரோடு கலிபோர்னியாவில் பெல்வெடேருக்குக் குடிபோனார். 70களில் அமெரிக்கர்கள் அவரைத் தினமும் பார்த்தது காபி விளம்பரத்தில். 1977ல் பக்கவாதம். அதே வருஷம் லூசிலோடு கடைசியாக ஒரு சிறப்பு நிகழ்ச்சியில் வந்தார். 1979 ஆகஸ்ட் 17 அன்று இறந்தார். எழுபது வயது முடிந்து மூன்று வாரம்.

இதற்காகத்தான் இன்று எழுத வந்தேன்: 1986ல் லூசில் ஒரு பேட்டியில், பழைய எபிசோட்களை இப்போது பார்க்கும்போது தன் கண் விவியன் மேல்தான் போகிறது என்றார். அன்றைக்குத் தன் வேலையில் மூழ்கியிருந்ததால் கவனிக்க முடியவில்லை, இப்போதுதான் அவருடைய ஒவ்வோர் அசைவையும் ரசிக்க முடிகிறது என்று.

படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் போலிருந்தது. அம்மா போய் எட்டு வருஷமாகிறது.


மார்ச் 3, இரவு

நான் தப்பாக எழுதிய ஆல்புகர்க்கி எபிசோடை இன்று தேடி எடுத்துப் பார்க்கிறேன். ஊருக்குள் நுழைந்தால் எதெலுக்கு ராஜ வரவேற்பு. தங்கள் ஊர்ப் பெண் பெரிய நடிகையாகிவிட்டாள் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அரங்க வாசலில் அவர் பெயர்ப் பலகை. லூசி, ரிக்கி, ஃப்ரெட் மூவரையும் யாரும் சீந்தவில்லை. கடுப்பில் மூவரும், எதெல் மேடையில் பாடும்போது பின்னால் நின்று ஏதேதோ செய்து கூட்டத்தைச் சிரிக்கவைக்கிறார்கள்.

முன்பு பார்த்தபோது நானும் அந்த மூவரைப் பார்த்துத்தான் சிரித்தேன். 1932ல் நிஜ ஆல்புகர்க்கி காசு சேர்த்து அனுப்பிய கதை அப்போது எனக்குத் தெரியாது. இப்போது திரை விலகி, அவர் நடுவில் வந்து நின்று, பாட வாயைத் திறக்கும் இடத்தில் நிறுத்திவைத்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். மீதியைப் பார்க்கப் போகிறேன். பின்னால் என்ன நடந்தாலும் இந்தத் தடவை அவரை மட்டும்தான் பார்ப்பேன்.